இரவல் பிரச்சினை

அசமந்தநல்லூருக்கு வழி கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். ஊரிலிருந்து வெளியே போகிற வழி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வருகிற வழியும் அதேதானா என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். அப்பேர்ப்பட்ட ஊரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குக் கோமதிநாயகம் தலைமையாசிரியராக இருந்தார்.

கோமதிநாயகம் தங்கமான மனுஷர். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வார். ஒருமுறை பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், "இங்கனயே நில்லுங்க சார், இந்தா வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். கோமதிநாயகம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்றார். மற்றபடி அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு மனக்குறைதான். அது ஒரு அப்பளம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நெடுங்கரை ஐயம்பெருமாளின் மகளைத் தன் மகனுக்குக் கட்டினார். கல்யாணப் பந்தியில் எல்லார் இலைக்கும் அப்பளம் வந்தது, மாப்பிள்ளையைப் பெற்றவர் இலைக்கு மட்டும் வரவில்லை. பந்தி விசாரித்துக்கொண்டு வந்த சம்பந்தி, "திருப்தியா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போய்விட்டார். ஐயம்பெருமாளும் தலைமையாசிரியர்தான், நெடுங்கரைப் பள்ளிக்கூடத்துக்கு. அன்று வரைக்கும் அவரை வாய் நிறைய "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகம், இலையை மூடிய கையோடு, "இனிமே என் வாயில அந்த ஆளுக்கு சார் கிடையாது" என்று சத்தியம் பண்ணிவிட்டார்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகள் தாங்களாகவே கற்கிறவர்களாக ஆக வேண்டும், அதற்குப் 'பிரச்சினை வழிக் கற்றல்' என்று ஒரு முறை வந்திருக்கிறது, தலைமையாசிரியர்கள் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் அசமந்தநல்லூருக்கு நேரில் வந்து பார்ப்பார். முறை நடக்கவில்லை என்றால் பள்ளிக்கூடத்தை மூடி, நெடுங்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

கோமதிநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நெடுங்கரையோடு சேர்த்தால் ஐயம்பெருமாள் மேலே, இவர் கீழே. காலையில் ஒரு "சார்", சாயங்காலம் ஒரு "சார்", லீவு கேட்க வேண்டுமென்றால் இரண்டு "சார்". அப்பளம்கூடப் போடாதவனை எப்படி "சார்" என்று கூப்பிடுவது? அந்த மூன்று நாள் பயிற்சியிலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒரு வார்த்தை விடாமல் என்றால் நிஜமாகவே விடவில்லை. திங்கட்கிழமை காலையில் மற்ற மூன்று ஆசிரியர்களையும் ஆபீஸ் அறையில் உட்கார வைத்து நோட்டைப் படித்தார்.

"ஒண்ணு. பாடம் நடத்தாதீங்க, பிள்ளைகளுக்கு ஒரு பிரச்சினையைக் குடுங்க. ரெண்டு. பிரச்சினை புஸ்தகத்துல இருந்து வரக்கூடாது, வாழ்க்கையில இருந்து வரணும். மூணு. யாராச்சும் அந்த ஜன்னலைச் சாத்துங்கப்பா, ஒரே சத்தமா இருக்கு. நாலு. விடையை எக்காரணம் கொண்டும் சொல்லாதீங்க. கேட்டா, 'நீ என்ன நினைக்கிறே?'ன்னு திருப்பிக் கேளுங்க. அஞ்சு. ஆசிரியர் படிப்படியா விலகிக்கிடணும்."

டிரில் வாத்தியார் வேலாயுதப்பெருமாள் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வெளியே சத்தம் எதுவும் இல்லை. சத்தம் வருவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, வந்த பிறகுதான் சாத்தியிருக்க வேண்டுமோ என்று தமிழாசிரியர் ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல் நாள்தானே, போகப்போகக் கைவந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

"சரி, நம்ம பள்ளிக்கூடத்துல என்ன பிரச்சினை இருக்கு, சொல்லுங்க" என்றார் கோமதிநாயகம்.

மூன்று பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பிரச்சினையும் கிடையாது சார்" என்றார் கணக்கு டீச்சர் பேச்சியம்மாள், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லா யோசிங்க டீச்சர். கரும்பலகை?"

"கரும்பலகையே இல்லையே சார். இருந்தாத்தானே அதுல பிரச்சினை இருக்கும்?"

"தண்ணித் தொட்டி ஒழுகுதே" என்றார் வேலாயுதப்பெருமாள்.

"அது பத்து வருஷமா ஒழுகுது. பழக்கத்தையெல்லாம் பிரச்சினைன்னு சொல்ல முடியுமா?"

"மூணாம் வகுப்புக் கூரை போன மழையில விழுந்திருச்சு."

"விழுந்தது விழுந்திருச்சு, இனிமே விழாது. அப்போ அதுவும் பிரச்சினை இல்ல" என்று முடித்துவைத்தார் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தை இவ்வளவு நன்றாக நடத்தியது தப்பாகப் போயிற்றே என்று அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பிரச்சினைக்கு எங்கே போவது? கடைசியில் பேச்சியம்மாள் ஒரு வழி சொன்னார். வீட்டில் இல்லாத பாத்திரத்தைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவதில்லையா? அது மாதிரி வாங்கினால் என்ன?

நாலு பேரும் வீடு வீடாகப் போனார்கள். "உங்க வீட்டுல பிரச்சினை ஏதும் இருந்தா ஒரு வாரத்துக்குக் குடுங்க, பத்திரமா திருப்பித் தந்திருதோம்." சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். மச்சினன் வர மறுத்துவிட்டார். மேலத்தெரு உலகம்மாள்தான் நல்ல சரக்காகக் கொடுத்தாள்.

"என் எருமை ஒரு மாசமா கறக்க விடமாட்டேங்கு. கிட்டப் போனாலே உதைக்கு. கொண்டு போங்க பெரிய வாத்தியாரே" என்றாள்.

கோமதிநாயகம் கைப்பட ரசீது எழுதினார்: 'உதைக்கிற எருமை என்ற பிரச்சினை ஒன்றை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம். இதே நிலையில் திருப்பித் தருவோம்.' கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டாம் வகுப்பில் எருமையைக் கட்டினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். பிள்ளைகள் எருமையைப் பார்த்தார்கள், எருமை பிள்ளைகளைப் பார்த்தது.

முதல் பெஞ்சில் முத்துக்கனி என்று ஒரு பெண். எதைப் பார்த்தாலும் ஏன் எதுக்கு என்று குடையாமல் விடமாட்டாள். "சார், இது எதுக்கு உதைக்கு?" என்று கேட்டாள்.

"நீ என்ன நினைக்கிறே?" என்றார் கோமதிநாயகம், நோட்டில் ஒரு கண் வைத்துக்கொண்டு.

முத்துக்கனி எருமையின் முகத்துப் பக்கமாகப் போய் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். பிறகு குனிந்து பின்னங்காலைப் பார்த்தாள். மடிக்குப் பக்கத்தில், தொடையின் உள்பக்கம், ஒரு உடைமுள் ஆழமாக ஏறி, சுற்றிலும் வீங்கிப் போயிருந்தது. ஊசியை வாங்கி முள்ளை எடுத்தாள், மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். கால் மணி நேரம்தான். எருமை பெருமூச்சு விட்டுவிட்டு, சமர்த்தாக அரைச் செம்பு பால் கொடுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கோமதிநாயகம் நோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டே! இரவல் வாங்கின பொருளாச்சே!"

உடனே ஆபீஸ் அறையில் கூட்டம் போட்டார்கள். இதே நிலையில் திருப்பித் தருவதாக எழுதி நாலு கையெழுத்து இருக்கிறது. பிரச்சினையோ கால் மணி நேரத்தில் பாழாகிவிட்டது. உலகம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது?

"திரும்ப உதைக்க வைக்கணும் சார். வேற வழியில்ல" என்றார் பேச்சியம்மாள்.

புதன்கிழமை மணி அடிக்காத நேரமெல்லாம் நாலு பேரும் எருமையை உதைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஆவுடையப்பன் அதைக் கடுமையான தமிழில் திட்டிப் பார்த்தார். அது அசை போட்டுக்கொண்டே கேட்டது. உதைப்பது எப்படி என்று மறந்திருக்குமோ என்று, வேலாயுதப்பெருமாள் அதற்கு முன்னால் நின்று மூன்று தடவை உதைத்துக் காட்டினார். பிறகு அதன் வாலைப் பிடித்து இழுத்தார். எருமைக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

"சரியாயிருச்சு சார்! பிரச்சினை சரியாயிருச்சு!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தபடி சந்தோஷமாகக் கத்தினார் வேலாயுதப்பெருமாள். அப்போதே எருமையை அவிழ்த்துக்கொண்டு போய், மறுபடி கெட்டுப்போவதற்குள் உலகம்மாளிடம் ஒப்படைத்து ரசீதைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

இதற்கிடையில் ஐந்தாவது விதியும் நடந்துகொண்டுதான் இருந்தது. படிப்படியாக விலக வேண்டும் என்பதால், திங்கள் முதல் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஆசிரியர்கள் ஒரு எட்டு பின்னால் வைத்தார்கள். புதன்கிழமைக்குள் பேச்சியம்மாள் வராந்தாவுக்கு வந்துவிட்டார். ஆவுடையப்பன் வேப்பமரத்தடியில் நின்றார். வேலாயுதப்பெருமாள் டிரில் வாத்தியார் என்பதால் நீள எட்டு, அவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டார். வியாழக்கிழமை காலையில் அவர் பின்னால் வைத்த எட்டு, வந்து நின்ற பஸ்ஸின் படியில் விழுந்தது. நடுவில் இறங்கினால் விலகியது வீணாகிவிடும் என்று கடைசி ஸ்டாப் வரைக்கும் விலகிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தார்.

வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? அதைக் கவனிக்கிற தூரத்தில் ஆசிரியர் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பத்து மணிக்கு அலுவலர் வருகிறார், கையில் பிரச்சினை இல்லை. கோமதிநாயகம் வாயில் "சார்... சார்..." என்று தானாகவே வர ஆரம்பித்தது. சொல்லிப் பழகிவிடுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான், அவர் ஆயுசில் முதல் தடவையாக, அவருக்கே ஒரு யோசனை தோன்றியது.

"நாமளே பிரச்சினையா ஆயிருவோம்! நாலு பேரும் இந்த ஆபீஸ் ரூமுக்குள்ள மாட்டிக்கிடுவோம். நம்மள எப்படி வெளியே எடுக்கதுன்னு பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். புஸ்தகத்துல இல்லாத பிரச்சினை, வாழ்க்கையில இருந்து வந்தது. நாம விலகின மாதிரியும் ஆச்சு!"

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினார்கள். கோமதிநாயகம் தன் கையாலேயே உள்தாழ்ப்பாளைப் போட்டார். அது நல்ல பழைய இரும்புத் தாழ்ப்பாள்.

"ஐயோ, மாட்டிக்கிட்டோமே!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

முத்துக்கனியும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். "சார், என்ன ஆச்சு? கதவைத் திறங்க!"

"நீ என்ன நினைக்கிறே?"

முத்துக்கனி கதவைத் தள்ளினாள், சந்து வழியாகப் பார்த்தாள். "உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு. நீங்கதான் போட்டிருக்கிய. நீங்கதான் எடுக்கணும்."

உள்ளே கசமுசவென்று ஆலோசனை நடந்தது. "கண்டுபிடிச்சுட்டா சார், எடுத்திருவமா?" என்று வேலாயுதப்பெருமாள் தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினார். கோமதிநாயகம் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"ஏன்வே, கூறு இருக்கா உமக்கு? நாம எடுத்தா அது நாம விடை சொன்ன மாதிரி ஆகாதா?"

வெளியே முத்துக்கனி கதவிலிருந்து கையை எடுத்தாள். "இது நம்ம பிரச்சினை இல்லட்டி, அவங்க பிரச்சினை" என்று கூட இருந்தவர்களிடம் சொன்னாள். "அவங்களே கண்டுபிடிக்கட்டும். வாங்க, நமக்கு வேலை கிடக்கு."

பத்து மணிக்குக் கல்வி அலுவலர் மரகதவல்லி ஜீப்பில் வந்து இறங்கினார். பார்த்த கண்ணுக்கு நம்ப முடியவில்லை. ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செம்பை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செம்பு வீணாகிறது என்று தரையில் கரிக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மேலே ஏறி விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த கூரையின் ஓடுகளை ஐந்தாம் வகுப்பு, உடைந்தது உடையாதது என்று பிரித்து எண்ணிக்கொண்டிருந்தது. முத்துக்கனி ஒன்றாம் வகுப்பு வாண்டுகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான் நடக்கிறதாம்.

"ஆசிரியர்கள் எங்கேம்மா?"

"அந்த ரூம்ல இருக்காங்க மேடம். கதவை எப்படித் திறக்கதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. உள்பக்கம்தான் தாழ்ப்பாள் இருக்கு." முத்துக்கனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க தயவுசெஞ்சு விடையைச் சொல்லிறாதீங்க மேடம். தானா கண்டுபிடிச்சாத்தான் மனசுல நிக்கும்."

அலுவலர் அங்கேயே உட்கார்ந்து ஒரு உத்தரவு எழுதி, கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

கோமதிநாயகம் எடுத்துப் படித்தார். 'இந்தப் பள்ளியின் மாணவர்கள் முழுமையாகத் தாங்களாகவே கற்கிறார்கள். ஆகவே இந்தப் பள்ளியை மூடவோ வேறு பள்ளியோடு சேர்க்கவோ தேவையில்லை.'

உள்ளே ஒரே கொண்டாட்டம். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். "ஜெயிச்சுட்டோம் சார்!" என்று பேச்சியம்மாள் குதித்தார். கோமதிநாயகம் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தார்.

'இவர்களுக்கு ஆசிரியர்களும் தேவையில்லை. எனவே இங்குள்ள நாலு பேரும் உபரி ஆசிரியர்களாகக் கருதப்பட்டு, இன்று முதல் நெடுங்கரைப் பள்ளிக்கு மாற்றப்படுகிறார்கள்.'

கோமதிநாயகம் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகவில்லை, அவர்தான் போகிறார். எவ்வளவு பாடுபட்டார்! எருமைக்காலில் எல்லாம் விழுந்தாரே!

"கதவு திறந்தாத்தானே சார் நெடுங்கரை?" என்றார் ஆவுடையப்பன் ஆறுதலாக. "நாமதான் மாட்டிக்கிட்டு இருக்கோமே."

கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானத்துக்கு மேல் வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. சம்பந்தி ஐயம்பெருமாளே புது ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு போக வந்துவிட்டார். கதவைத் தட்டினார்.

"சம்பந்தி! நான்தான் வந்திருக்கேன். கதவைத் திறங்க."

கோமதிநாயகத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு "சார்" வந்துவிட்டது. பழக்கதோஷம். கடித்து விழுங்கிக்கொண்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

ஐயம்பெருமாள் கதவை மேலும் கீழும் பார்த்தார், ஒரு தடவை தள்ளிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏயப்பா! அருமையான பிரச்சினையால்லா இருக்கு!" என்றார். "எங்க பள்ளிக்கூடத்துக்கும் இதே கடுதாசி வந்திருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை எங்களைப் பாக்க வாறாங்க. நெடுங்கரை முழுக்கத் தேடிட்டேன், ஒரு பிரச்சினை சிக்கல. இதை ஒரு வாரத்துக்கு இரவல் தருவியளா?"

ஆசிரியர்கள் போய்விட்ட பள்ளிக்கூடத்துக்கு உரிமைக்காரி என்ற முறையில் முத்துக்கனி முன்னால் வந்தாள். "ரசீது எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. நல்ல நிலையில திருப்பித் தரணும்."

கடப்பாரை வந்தது. கதவை நிலையோடும் வாசற்படியோடும் சேர்த்து, தாழ்ப்பாள் துளிகூட அசையாமல் சுவரிலிருந்து பெயர்த்தார்கள். "தாழ்ப்பாள் விலகாமப் பாத்துக்கிடுங்க!" என்று கோமதிநாயகம் உள்ளேயிருந்து கவலையோடு சொல்லிக்கொண்டே இருந்தார். சுவரில் ஆள் உயரத்துக்கு ஓட்டை விழுந்தது. கதவை டிராக்டர் பெட்டியில் ஏற்றி நிமிர்த்திக் கட்டியதும், நாலு ஆசிரியர்களும் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து, பெட்டியில் ஏறி, கதவுக்கு உள்பக்கம் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஐயம்பெருமாள் வெளிப்பக்கம் உட்கார்ந்தார். வழியில் வேடிக்கை பார்க்க ஆவுடையப்பன் தலையை அந்தப் பக்கம் நீட்டினார். "ஐயா! நாம மாட்டிக்கிட்டு இருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார் கோமதிநாயகம்.

நெடுங்கரைப் பள்ளி மைதானத்தின் நட்ட நடுவில் கதவை ஊன்றினார்கள். தினமும் காலையில் ஐயம்பெருமாள் வந்து கதவைத் தட்டுவார், "சம்பந்தி, திறங்க" என்பார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பார் கோமதிநாயகம். சம்பந்தி போய் யோசிப்பார். ஒரு வாரத்தில் ஒரு "சார்" கூடச் செலவாகவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஐயம்பெருமாள் கையில் ஒரு பெரிய அப்பளத்தோடு வந்தார். "சம்பந்தி, அன்னைக்குப் பந்தியில ஒண்ணு குறைஞ்சு போச்சு. நான் பாத்தேன். அடுக்களையில தீர்ந்துபோச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாலு வருஷமா எனக்கும் தொண்டையில அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். கோமதிநாயகத்துக்குக் குப்பென்று அழுகை வந்துவிட்டது. எட்டிக் கை நீட்ட முடியவில்லையே, கதவு மூடியிருக்கிறதே! ஐயம்பெருமாள் மண்டியிட்டு உட்கார்ந்து, அப்பளத்தைத் துண்டு துண்டாக உடைத்து, கதவுச் சந்துக்குள் ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தார். அந்தப் பக்கம் கோமதிநாயகமும் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை ஊதிவிட்டுத் தின்றார்.

தன் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக, ரசீதும் கையுமாக முத்துக்கனி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். மைதானத்தைப் பார்த்தாள், நடுவில் நிற்கிற ஒற்றைக் கதவைப் பார்த்தாள், அதற்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக மண்டியிட்டிருந்த இரண்டு தலைமையாசிரியர்களையும் பார்த்தாள்.

"சார், இப்படிச் சுத்தி வந்து குடுத்தா என்ன?" என்று கேட்டாள்.

"ஸ்ஸ்ஸ்!" என்று சம்பந்திகள் இருவரும் கதவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். "விடையைச் சொல்லிறாதட்டி!"